அத்தியாயம் 7: உசிலம்பட்டிப் பக்கம் மூன்று மாதம்

மனநல மருத்துவ பிஜி மாணவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பழக்குவது எப்படி

எம்.டி. படிக்கும் ஒவ்வொருவரும் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதி 2020 செப்டம்பரில் அரசிதழில் வெளியானது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது பருவங்களில் ஏதேனும் ஒன்றில் இதை முடிக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகளும் இதைத் தொடர்ந்தன. மதுரை மருத்துவக் கல்லூரியில் மனநலம் படிப்பவர் ராஜாஜி மருத்துவமனை வளாகத்தை விட்டு உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ திருமங்கலத்துக்கோ, அங்கிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போக வேண்டியிருக்கும். இந்த மூன்று மாதத்தைப் பல மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கக் கிடைத்த ஓய்வு என்றும், பல ஆசிரியர்கள் வார்டில் ஆள் குறையும் தொல்லை என்றும் நினைக்கிறார்கள். இரண்டு நினைப்பையும் மாற்றுவதற்காகவே இந்த அத்தியாயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயிற்சியின்போது மாணவர் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார் என்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. அவர் கிளம்பிய பிறகு அங்குள்ள மருத்துவ அலுவலர் தானாக எத்தனை பேரைக் கண்டுபிடித்து, தானாக எத்தனை பேருக்கு வைத்தியம் செய்கிறார் என்பதுதான் கணக்கு. கீழே வரும் யோசனைகள் எல்லாம் இந்த ஒரு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை.

ஏன் இந்தப் பயிற்சி

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதாவதொரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. நோய்க்கு நோய் வேறுபட்டாலும் இந்த இடைவெளி 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நிலையில், எல்லோரையும் நிபுணரே பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

இதை நம் துறையின் முன்னோடிகள் அரை நூற்றாண்டுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். சண்டிகரில் பேராசிரியர் என்.என். விக் தலைமையில் ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியிலும், நிம்ஹான்ஸ் மூலம் பெங்களூரை அடுத்த சக்கலவாராவிலும் 1970களின் நடுவில் சோதனை முயற்சிகள் தொடங்கின. அந்த அனுபவத்தில் 1982ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. கர்நாடகத்தின் பெல்லாரியில் மாவட்ட மாதிரி உருவாகி, 1996ல் மாவட்ட மனநலத் திட்டமாக நாட்டுக்கு விரிந்தது. தமிழ்நாட்டில் அது முதலில் வந்த மாவட்டம் திருச்சி.

திட்டம் விரிந்த வேகத்தில் பயிற்சியின் ஆழம் கூடவில்லை. மருத்துவ அலுவலர்களை நகரத்துக்கு வரவழைத்து, அரங்கத்தில் உட்கார வைத்து, மனச்சிதைவு பற்றிச் சில நாள் வகுப்பெடுத்து அனுப்புவது வழக்கமாயிற்று. ஊர் திரும்பினால் அவர் முன்னால் உட்காருவது வகுப்பில் சொல்லப்பட்ட நோயாளி இல்லை. முழங்கால் வலியும் தூக்கமின்மையும் சர்க்கரையும் சேர்ந்து வந்த ஒரு பாட்டி. வகுப்பெடுத்தவருக்கு அந்தப் பாட்டியைத் தெரியாது. பிஜி மாணவர் முதலில் அந்தப் பாட்டியைத் தெரிந்துகொள்ளட்டும்.

கிளம்புவதற்கு முன்

ஆசிரியர் மாணவரோடு உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியவை நான்கு.

1. மருந்துப் பட்டியல். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எந்த மனநல மருந்தை எந்த நிலை மருத்துவமனைக்குத் தருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தின் அலமாரியில் இன்று என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே இல்லாத மருந்தை எழுதிக்கொடுப்பது சிகிச்சை ஆகாது.

2. மாவட்ட மனநலத் திட்டக் குழுவின் சுற்றுப்பயண அட்டவணை. எந்தக் கிழமை எந்த ஊர் என்று அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு நடைமுறை உண்டு. மாணவர் அதில் சேர்ந்துகொள்ள வேண்டும். தனக்கென்று புது முகாம் தொடங்க வேண்டாம்.

3. பொது மருத்துவம். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, வலிப்பு, கர்ப்பகால மருந்துகள் ஆகியவற்றைத் தூசி தட்டி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் மனநல வார்டிலேயே இருந்த மாணவருக்கு பிரஷர் மாத்திரையின் அளவு மறந்திருக்கும். மருத்துவ அலுவலர் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்.

4. பேருந்து நேரம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நோயாளிகள் வருவதும் போவதும் பேருந்தையும் நூறு நாள் வேலையின் நேரத்தையும் ஒட்டித்தான். மறுவருகைத் தேதி குறிக்கும்போது இது தெரியாவிட்டால் பாதிப் பேர் திரும்ப வர மாட்டார்கள். சித்திரைத் திருவிழா, நடவு, அறுப்பு நாட்களில் தேதி கொடுப்பதும் அப்படித்தான்.

முதல் இரண்டு வாரம்: பக்கத்து நாற்காலி

போனதும் தனி அறை கேட்காதீர்கள். தனி அறையும் வெளியே 'மனநல மருத்துவர்' என்ற பலகையும் வந்துவிட்டால் ஊருக்குத் தெரிந்த சில நோயாளிகள் மட்டும் வருவார்கள். மற்றவர்கள் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்கள். மருத்துவ அலுவலரின் மேசையில் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். காலை ஓ.பி.யில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கிறது என்பதைக் கண்ணால் பாருங்கள். 45 நிமிட நேர்காணலை வைத்துக்கொண்டு இங்கே யாருக்கும் எதையும் கற்றுத்தர முடியாது.

இந்த இரண்டு வாரத்தில் மாணவர் ஒரு நோட்டில் நோயாளிகள் சொல்லும் தொந்தரவுகளை அவர்கள் வார்த்தையிலேயே எழுதட்டும். 'நெஞ்சு படபடங்குது', 'தலை கிறுகிறுங்குது', 'மண்டை கொதிக்குது', 'கை கால் ஓஞ்சு போச்சு', 'வயித்துக்குள்ள என்னமோ உருளுது', 'வெள்ளைப்படுது, அதான் உடம்பு உருகுது' என்று வரும். மனச்சோர்வு, பதற்றம் என்ற சொற்களை யாரும் கொண்டுவர மாட்டார்கள். வெள்ளைப்படுதலைச் சொல்லி வரும் பெண்கள் பலருக்கு உள்ளே மனச்சோர்வு இருப்பதைக் கோவாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மதுரைப் பக்க ஓ.பி.யிலும் அதைக் கேட்டுப் பார்க்கத் தவறாதீர்கள்.

கேட்பது எப்படி என்பதற்கு ஒரு மாதிரி உரையாடல்:

"என்ன செய்யுது பெரியம்மா?"

"என்னத்தச் சொல்ல டாக்டரம்மா, உடம்பு பூராம் வலி. ஊசி போட்டா ரெண்டு நாளைக்குத் தேவல, பெறகு அதே கததான்."

"ராத்திரி தூக்கம் எப்படி இருக்கு?"

"கோழி கூப்பிடுறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துருது. பெறகு கண்ண மூட முடியல."

"வேலைக்குப் போறீங்களா?"

"நூறு நாள் வேலைக்குக்கூடப் போகல. போயி என்னத்தப் பண்ணப் போறோம்னு இருக்கு."

"எப்ப இருந்து இப்படி?"

"மகன் திருப்பூருக்குப் போயி மூணு மாசமாச்சு, அதுல இருந்துதான்."

இதில் 'கவலையா இருக்கீங்களா' என்று கேட்கவே இல்லை. தூக்கம், வேலை, காலம் என்ற மூன்று கேள்விகளில் அதிகாலை விழிப்பும் நாட்டமின்மையும் இழப்பும் வந்துவிட்டன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவ அலுவலர் இதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார். அவருக்கு வேறு வகுப்பு வேண்டாம்.

பதில் சொல்லும்போது 'டெஸ்ட் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்னுமில்ல' என்று முடிக்காதீர்கள். வலி பொய் என்று சொன்னதாக அவர் எடுத்துக்கொள்வார். 'வலி நெசந்தான். மனசு ஓஞ்சு போனா ஒடம்பும் ஓஞ்சு போகும். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் இந்த மாத்திரை' என்று சொல்லுங்கள்.

சர்க்கரை, பிரஷர் பதிவேட்டில் தொடங்குங்கள்

புதிதாக நோயாளிகளைத் தேடி அலைய வேண்டாம். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குவோரின் பதிவேடு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் இவர்களில் பலருக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறார்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர், சர்க்கரை இறங்காதவர், வீட்டை விட்டு வெளியே வராதவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும். மனச்சோர்வு அதிகம் ஒளிந்திருப்பது அந்தப் பட்டியலில்தான்.

இரண்டு கேள்விகள் போதும். கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; கூட்டினால் 3 அல்லது மேலே வந்தால் பிஎச்க்யூ-9 படிவத்தின் ஒன்பது கேள்விகளையும் கேட்க வேண்டும். அதில் மொத்தம் 27க்கு 10 அல்லது மேலே வந்தால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆம்' என்றால் மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் அன்றே பேச வேண்டும்.

பதிவேட்டை வைத்துக் கண்டுபிடித்து, குழுவாகத் தொடர்ந்து கவனிக்கும் இந்த முறைக்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் யூர்கன் உனுட்சர் குழு 18 ஆரம்ப நிலை மருத்துவமனைகளில் 1,801 முதியவர்களிடம் செய்த ஆய்வு 2002ல் வெளியானது. செவிலியர் அல்லது உளவியலாளர் ஒருவர் நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க, மருத்துவர் மருந்து தர, மனநல நிபுணர் வாரந்தோறும் பட்டியலைப் பார்த்து ஆலோசனை சொல்ல, மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது. கோவாவில் விக்ரம் படேல் குழு உள்ளூர்ப் பெண்களையே ஆலோசகர்களாகப் பழக்கி 2010ல் வெளியிட்ட ஆய்வில் அரசு மருத்துவமனைகளில் நல்ல பலன் தெரிந்தது. சென்னை உட்பட நான்கு இந்திய நகர மருத்துவமனைகளில் சர்க்கரையும் மனச்சோர்வும் சேர்ந்த 404 பேரிடம் செய்த 2020 ஆய்வும் இதே முடிவைச் சொன்னது.

மதுரைக்காரர்களுக்கு இது அந்நியமான ஏற்பாடும் இல்லை. 1976ல் 11 படுக்கைகளோடு இங்கே தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்கிறார். மருத்துவர் தொலைவிலிருந்து வீடியோ வழியே முடிவு சொல்கிறார்.

மாணவர் வாரம் ஒருமுறை மருத்துவ அலுவலர், கிராம சுகாதார செவிலியர் இருவரோடும் பதிவேட்டைத் திறந்துவைத்து உட்காரட்டும். யாருக்கு மதிப்பெண் இறங்கவில்லை, யார் வரவில்லை, யாருக்கு மருந்தை மாற்ற வேண்டும் என்று பெயர் பெயராகப் பேசட்டும். பட்டியலில் இருக்கும் எல்லோரையும் நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்குவதே இந்தப் பயிற்சியின் கடினமான பகுதி.

மருந்தில் கவனிக்க வேண்டியவை

மருத்துவ அலுவலரின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைக்க ஒரே ஒரு தாள் தயாரியுங்கள். அதில் இவை இருக்கட்டும்:

- ஃப்ளூவாக்ஸெடின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் குமட்டலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி மூன்றாம் நாள் நிறுத்திவிடுவார். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்.
- இவற்றைத் தொடங்கும் முன், எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கம் தேவைப்படாத நாட்களும் இருந்தனவா என்று கேட்க வேண்டும்.
- நீர்போக்கி மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு இந்த மாத்திரைகளால் சோடியம் குறையலாம். இவை வலி மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம்.
- முதியவருக்கும் இதய நோயாளிக்கும் அமிட்ரிப்டிலின் தருவதில் எச்சரிக்கை தேவை. சிறுநீர் அடைப்பு உள்ளவருக்கு வேண்டாம்.
- டயஸெபாம் சில வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. தூக்கத்துக்கென்று வருடக்கணக்கில் வாங்குபவர்களைத் திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள்.
- குழந்தை பெறும் வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் தவிர்க்கப்பட வேண்டிய மருந்து.
- ஓலன்ஸபின் போன்ற மருந்து சாப்பிடுபவருக்கு எடையும் சர்க்கரையும் தொடக்கத்திலும், மூன்று மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இதை நம்மைவிட ஆரம்ப சுகாதார நிலையம் நன்றாகச் செய்யும்.

தவறக் கூடாத இரண்டு இடங்கள்

முதலாவது தற்கொலை முயற்சி. நேராகக் கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்ற பயம் செவிலியர்களிடம் இருக்கும். மாணவர் அவர்கள் முன்னாலேயே கேட்டுக் காட்டட்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017ன் 115வது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது. திட்டுவதும் புத்திமதி சொல்வதும் ஊழியர் எவருடைய வேலையும் இல்லை. முயன்றவர் வீடு திரும்பிய பிறகு தொடர்ந்து விசாரிப்பது மிக முக்கியம். உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளின் மையங்களில் 1,867 பேரிடம் செய்த ஆய்வில், ஒரு மணி நேர உரையாடலும் 18 மாதத்துக்கு அவ்வப்போது தொடர்பும் கிடைத்தவர்களிடையே தற்கொலை மரணம் 0.2 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களிடையே 2.2 சதவீதம். நம் ஊரில் அந்தத் தொடர்பைக் கிராம சுகாதார செவிலியரால் செய்ய முடியும். பூச்சிமருந்து வீட்டில் எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று விசாரிக்கவும் அவரையே பழக்குங்கள். 14416 டெலிமனாஸ், 104 ஆகிய உதவி எண்களைச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

இரண்டாவது குடி. விபத்தில் காலொடிந்து சேர்ந்தவர் இரண்டாம் மூன்றாம் நாள் பிதற்றத் தொடங்கினால் 'மனநோய்' என்று ராஜாஜிக்கு ஏற்றிவிடுவது வழக்கம். கடைசியாக எப்போது குடித்தார் என்று சேரும்போதே கேட்டு எழுதும் பழக்கத்தை வார்டில் உண்டாக்குங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின். ஈரல் கெட்டவருக்கு லோரஸெபாம். குடியை நிறுத்த வைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லிக் குடும்பத்தார் கேட்பார்கள். தெரியாமல் கொடுத்து அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து என்று தெளிவாகச் சொல்லி மறுக்க வேண்டும்.

கோயிலும் தர்காவும்

உங்களிடம் வருவதற்கு முன் நோயாளி மேலமடை பாண்டி கோயிலுக்கோ, குணசீலத்துக்கோ, ஏர்வாடிக்கோ போயிருப்பார். 'எங்கெங்க போய்ட்டு வந்தீங்க?' என்பதை முகம் சுளிக்காமல் கேளுங்கள். தமிழ்நாட்டுக் கிராமக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து ரகுராம் குழு 2002ல் எழுதிய கட்டுரையில், தங்கிய நாட்களில் நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அமைதியான, ஆதரவான சூழலுக்கும் குணப்படுத்தும் சக்தி உண்டு.

ஆனால் நோயாளியைச் சங்கிலியில் கட்டுவதில் மட்டும் சமரசம் கிடையாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் தீப்பிடித்தபோது கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017 சட்டம் தடை செய்கிறது. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில் தொழுகையோடு மருந்தும் கிடைக்கும் 'தவா-துவா' ஏற்பாடு வந்தது. மதுரையில் 1992 முதல் இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை போன்ற அமைப்புகளின் மறுவாழ்வுப் பணியை மாணவர் ஒருநாளாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மருந்தால் அடங்கிய நோயாளிக்கு அடுத்து வேலையும் மாற்றுத்திறனாளி சான்றும் உதவித்தொகையும் வாங்கித்தருவது எப்படி என்று அங்கே தெரியும்.

கற்பிக்கும் முறை

மருத்துவ அலுவலர் உங்கள் மாணவர் இல்லை. அந்த நிலையத்தின் பொறுப்பாளர். 'சார், இந்த அம்மாவுக்கு நீங்க என்ன கொடுப்பீங்க?' என்று முதலில் அவரைக் கேளுங்கள். அவருடைய நோயாளி, அவருடைய மேசை, பத்து நிமிடம், ஒரே ஒரு பாடம் என்று வைத்துக்கொண்டால் நிற்கும். நிம்ஹான்ஸ் இதே அடிப்படையில், மருத்துவர் தன் ஓ.பி.யை நடத்திக்கொண்டிருக்கும்போதே வீடியோ வழியே உடனிருந்து பழக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது.

மருத்துவ அலுவலர் மேலே அனுப்பிய நோயாளியைப் பற்றி அவருக்குப் பதில் கடிதம் எழுதுவதும் கற்பித்தல்தான். நான்கு வரி போதும்: என்ன நோய், என்ன மருந்து எவ்வளவு நாள், அங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது என்ன, எப்போது திருப்பி அனுப்ப வேண்டும். 'மனநலத் துறையில் தொடரவும்' என்று மட்டும் எழுதி அனுப்பினால் அந்த நோயாளியை மருத்துவ அலுவலர் இனித் தொட மாட்டார்.

ஆசிரியர் மதிப்பிட வேண்டியது

மூன்று மாத முடிவில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். ஒருநாள் நேரில் போய் ஐந்து விஷயங்களைப் பாருங்கள். மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தத் தாள் இருக்கிறதா? பதிவேட்டில் மனச்சோர்வு மதிப்பெண் இரண்டாம் முறையும் எழுதப்பட்டிருக்கிறதா? தற்கொலை முயற்சிக்குப் பிறகு வீட்டுக்குப் போனவரைச் செவிலியர் மறுபடி பார்த்தாரா? மருந்து இண்டென்டில் தேவையான மனநல மருந்துகள் சேர்க்கப்பட்டுள்ளனவா? மாணவர் இல்லாத வாரத்தில் மருத்துவ அலுவலர் புதிதாக யாருக்காவது சிகிச்சை தொடங்கினாரா?

ஐந்தில் மூன்றுக்கு 'ஆம்' என்றால் மாணவர் தேறினார். ஆறு மாதம் கழித்து அடுத்த மாணவரை அதே நிலையத்துக்கு அனுப்பி, அதே ஐந்து கேள்விகளோடு அவர் பணியைத் தொடங்கச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் புதுப்புது ஊராக மாற்றினால் எல்லா இடத்திலும் தொடக்கம் மட்டுமே நடக்கும். ஊரை மாற்றாதீர்கள், ஒரே வட்டாரத்தில் தொடருங்கள்.